காட்டிடை வைத்த விளக்கு: வன்னியிற் கிறிஸ்தவப் பணி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சமயங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆலயங்களின் தொகையையும், குருமாரின் பெயர் வரிசையையும், மதம் மாறியோரின் எண்ணிக்கையையுமே அளவுகோலாகக் கொள்வர். இவை வேண்டற்பாலனவே. ஆயினும், ஒரு சமயம் தன்னைச் சேராதவர்க்கு என்னவாக விளங்கிற்று என்னும் வினாவே அதன் சமுதாய வரலாற்றைத் துலக்க வல்லது. கிறிஸ்தவத்தைப் பொறுத்தவரை இவ்வினா புறத்தேயிருந்து சுமத்தப்படுவதன்று. அச்சமயத்தின் உள்ளிருந்தே எழுவது. மத்தேயு நற்செய்தியில் வரும் மலைப்பொழிவு, சீடரை உலகிற்கு ஒளியாகவும், மறைத்து வைக்கலாகாத விளக்காகவும் உருவகிக்கின்றது. அதே பொழிவு சற்றுப் பின்னர், ஒருவர் செய்யும் தருமம் பிறர் கண்டு புகழுமாறு செய்யப்படலாகாது என்றும் விதிக்கின்றது. காணப்பட வேண்டிய ஒளியும் காணப்படலாகாத தருமமும் ஒருங்கே இயலுமா? இறையியலார் இதற்கு வேறுவேறு விடைகள் பகர்வர். வரலாற்று மாணவனோ அவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்த இடம் எதுவென்று தேட வேண்டியவன். அத்தகைய இடங்களுள் ஒன்று வன்னிப் பெருநிலம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வன்னியின் நடுப்பகுதியில், புளியங்குளத்திலிருந்து கிழக்கே ஒட்டுசுட்டானை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்திருப்பது நெடுங்கேணி. குளமும் வயலும் காடும் சூழ்ந்த சைவ ஊர் அது. அதன் வடக்கே ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் ஆலயமும், 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட பண்டாரவன்னியனின் நினைவுக்கல் நிற்கும் கற்சிலைமடுவும் உள்ளன. மேற்கே, பெருங்காட்டினைக் கடந்து சென்றால், மடு. நெடுங்கேணி போன்ற ஊர்களில் நின்று நோக்கும்போது கிறிஸ்தவம் பெருந்தொகையினரின் சமயமாகத் தோன்றுவதில்லை. தொலைவிலுள்ள ஓர் ஒளியாகவே தோன்றும. அவ்வொளி எத்தகையது என்பதை அறிய இங்ஙனம் புறத்தே நின்று நோக்குவது பெரிதும் பயன்படும்.

வாளோடு வந்ததும் பதிவேட்டோடு வந்ததும்

வடஇலங்கையிற் கிறிஸ்தவத்தின் தொடக்கம் குருதி தோய்ந்ததாகும். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் மன்னார் மக்கள் திருமுழுக்குப் பெற்றனர்; அது பொறாத யாழ்ப்பாண மன்னன் சங்கிலி 1544ஆம் ஆண்டில் அவர்களுட் பலரைக் கொல்வித்தான். கொல்லப்பட்டோர் அறுநூற்றுவர் வரையினர் என்பது மரபு. மன்னார்த் தீவின் தோட்டவெளியில் அவர்கள் இன்றும் நினைவுகூரப்படுகின்றனர். இம்மக்கள் எந்த அரசையும் சாராது உயிர்துறந்த எளியோர். ஆனால் அவர்களின் மரணத்தைத் தொடர்ந்து நிகழ்ந்தவை அரசியல் சார்ந்தவை. 1560ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து மன்னார்த் தீவைக் கைக்கொண்டனர். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசும் அவர்தம் ஆட்சியின் கீழ் வந்தது. சைவ ஆலயங்கள் இடிக்கப்பட்டன. அரச செல்வாக்கின் நிழலில் திருமுழுக்குப் பெற்றோரின் தொகை பெருகிற்று. வாளுக்கு அண்மையில் நின்ற சமயத்தை, வாளுக்கு அஞ்சியோர் ஏற்றனரா, அதன் அறத்தை விரும்பினோர் ஏற்றனரா என்று பிரித்தறிதல் அரிது.

1658ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை என அறிவிக்கப்பட்டது. ஒல்லாந்தர் தமது சீர்திருத்தத் திருச்சபையை வளர்த்த முறை வேறானது. பாடசாலைகளில் தோம்புகள் பேணப்பட்டன. திருமுழுக்கு, திருமணம் என்பன அவற்றிற் பதியப்பட்டன. பதிவு பெறாதோரின் திருமணமும் மரபுரிமையும் ஐயத்துக்குரியனவாயின. அரச உத்தியோகமும் அவர்க்கு எட்டாததாயிற்று. எனவே மக்கள் பதிந்துகொண்டனர். பகலிற் பதிவேட்டுக் கிறிஸ்தவராகவும் இரவிற் சைவராகவும் வாழ்ந்தோர் பலர். 1795, 1796ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியபோது, பதிவேடுகளிலிருந்த பெருந்தொகையும் உடன் மறைந்தது. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு முயற்சியின் விளைவு இத்துணை விரைவிற் கரைந்தமை சமய வரலாற்றிற் கருதத்தக்கது. ஆணையினால் ஏற்றப்பட்ட விளக்கு ஆணையோடு அணையும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதின்று.

மருதமடு: புகலிடம் என்னும் கருத்து

ஒல்லாந்தரின் அடக்குமுறைக்குள்ளாகிய கத்தோலிக்கர்க்குக் காடே அரணாயிற்று. வன்னிக் குறுநில மன்னர் ஒல்லாந்தர்க்கு யானைத் திறை செலுத்தினராயினும், அவர்தம் காடுகளில் ஒல்லாந்தரின் ஆணை முழுமையாகச் செல்லவில்லை. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து ஏறத்தாழ இருபது குடும்பங்கள், தம் ஆலயத்து மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டினுட் புகுந்தன என்றும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வெளியேறிய கத்தோலிக்கர் சிலநூற்றுவர் அவர்களோடு இணைந்தனர் என்றும், இவர்கள் குடியமர்ந்த மருதமடுவே இன்றைய மடுத் திருப்பதி என்றும் மரபு கூறும்.

இங்கு ஓர் உண்மையை அழுத்திக் கூறுதல் வேண்டும். தப்பியோடி வந்த கிறிஸ்தவர்க்கு இடமளித்தது கிறிஸ்தவ நிலமன்று. வன்னியின் சைவ மக்களும் அவர்தம் தலைவரும் ஆண்ட நிலமே. புகலிடம் என்னும் பண்பை மடு பிறர்க்கு வழங்குமுன் தான் பிறரிடமிருந்து பெற்றது. விளக்கு முதலில் வேறொருவர் கூரையின் கீழேயே ஏற்றப்பட்டது. பிற்காலத்தில் ஆடித் திருவிழாவிற்கும் ஆவணித் திருவிழாவிற்கும் தமிழரும் சிங்களவருமாய், கிறிஸ்தவரும் பிற சமயத்தவருமாய் மக்கள் மடுவிற் கூடுவதற்கு இத்தொடக்கமே உரமாயிற்று எனலாம்.

யோசேவாஸ் முனிவர்

மேய்ப்பரின்றிக் காட்டிலும் கடலோரத்திலும் சிதறிக் கிடந்த இம்மக்களைத் தேடி வந்தவரே யோசேவாஸ் முனிவர். 1651ஆம் ஆண்டிற் கோவாவில் கொங்கணி அந்தணக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், 1676ஆம் ஆண்டிற் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றி வாடுவதைக் கேள்வியுற்று, தூத்துக்குடி வழியாக 1687ஆம் ஆண்டில் இங்கு வந்தார். வந்த கோலமே கருதத்தக்கது. ஐரோப்பிய அரசு எதனதும் பாதுகாப்பு அவர்க்கில்லை. ஒல்லாந்தர் அறியின் உயிர் தப்பாது. எனவே கூலியாளாகவும் இரவலராகவும் வேடம் பூண்டார். கழுத்திற் செபமாலையணிந்து வீடுவீடாக இரந்து செல்கையில், அதனைக் கண்டோரின் முகக்குறிப்பைக் கொண்டே மறைவாழ்க்கை வாழும் கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பர். பசியும் வயிற்றுக் கடுப்பும் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டு சென்றன. யாழ்ப்பாணத்திற் சில்லாலையை நிலைக்களமாகக் கொண்டு இரவு வேளைகளிற் பணி புரிந்தார். தமிழைக் கற்றுத் தமிழிலேயே மக்களுக்குப் போதித்தார்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், யாழ்ப்பாண ஒல்லாந்தத் தளபதி புளோரிஸ் புளொம் என்பவனின் ஏவலால் வழிபாட்டிற் கூடியிருந்த கத்தோலிக்கர் ஏறத்தாழ முந்நூற்றுவர் கைதாயினர். அவர்களுள் டொன் பேதுரு என்பார் அடியுண்டு இறந்தார். முனிவர் தப்பினார். பின்னர் கண்டியரசின் எல்லைக்குட்பட்ட புத்தளத்தை 1690ஆம் ஆண்டில் அடைந்தார். 1692ஆம் ஆண்டிற் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் எனப் பழிசுமத்தப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். பழி கூறியவர், அரசவையிற் செல்வாக்குற்றிருந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் ஒருவர். கிறிஸ்தவர் ஒருவரைக் கிறிஸ்தவரே காட்டிக்கொடுக்க, பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் காலப்போக்கில் அவரை விடுவித்து, தன் நாட்டிற் பணிபுரிய இடமளித்தான். அறம் எச்சமயத்தினின்றும் வரக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு சான்று.

இதன் பின்னர் இருபது ஆண்டளவு முனிவர் நாடெங்கும் கால்நடையாகத் திரிந்தார். மன்னாரும் மாந்தையும் வன்னியும் அவர்தம் பயணங்களில் அடங்கின. ஆயர் பதவியை அவர்க்களிக்கத் திருத்தந்தையின் தூதர் விரும்பியபோது அதனை ஏற்க மறுத்தார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி கண்டியில் இறந்தார். அவர் இறக்கும்போது இலங்கைக் கத்தோலிக்கர் ஏறத்தாழ 70,000 பேர் என மதிப்பிடுவர். அரச ஆணையோ நிதியோ பதிவேடோ இன்றி நின்ற தொகை இது. ஒல்லாந்தர் தோம்பிலிருந்தோரின் கதியை இதனோடு ஒப்புநோக்கின், இரண்டு வகைச் சமயப் பரப்பலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தெற்றென விளங்கும்.

பெருநோயும் பெரும்பணியும்

முனிவரின் வாழ்விற் சிறப்பாக ஆராயத்தக்கது 1697ஆம் ஆண்டின் நிகழ்ச்சியாகும். அவ்வாண்டிற் கண்டி நகரைப் பெரியம்மை சூழ்ந்தது. மன்னனும் பிரதானிகளும் நகரைவிட்டு நீங்கினர். நோயுற்றோரை உறவினரே காட்டிற் கொண்டு சென்று விடுவது அக்கால வழக்கு. அம்மை குத்துதல் இங்கு வருதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலிருந்த அக்காலத்தில், அச்சத்தின் விளைவாய் எழுந்த இவ்வழக்கினை இன்று எளிதிற் பழித்தல் தகாது. நோய் தொற்றும் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். அதனைத் தடுக்கும் வழியை அறிந்திலர்.

யோசேவாஸ் முனிவரும், அவர்தம் மருமகனாகிய யோசே கர்வால்யோ அடிகளும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் இல்லங்களாக்கினர், காட்டிற் கிடந்தோர்க்குக் குடில் அமைத்தனர், உணவும் நீரும் கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். நோயாளருட் பெரும்பாலோர் பௌத்தர். அவர்களின் சமயம் வினவப்படவில்லை. இம்முனிவர் இல்லாவிடின் கண்டி வீதிகள் பிணங்களால் நிறைந்திருக்கும் என மன்னனே கூறியதாகக் கூறுவர்.

இங்கேதான் மலைப்பொழிவின் முரண் அவிழ்கின்றது. நகரம் வெறிச்சோடிக் கிடந்தபோது செய்யப்பட்ட பணி அது. கண்டு புகழ அங்கு எவருமிலர். நோயாளர் பலர் நன்றி கூறவும் உயிர் பிழைத்திலர். புகழை நாடுவோர் தெரிவு செய்யும் களமன்று அது. ஆயினும் அப்பணியே நாடறிந்த ஒளியாயிற்று. காணப்படுதலை நாடாத செயல் தன் இயல்பினாலேயே காணப்பட்டது. ஒளிர்தல் விளக்கின் நோக்கமன்று. எரிதலே அதன் தொழில். ஒளி அதன் விளைவு.

எழுத்தின் ஒளி

1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், முனிவரின் பணியை எழுத்தினால் நிலைபெறச் செய்தார். கோவையராகிய இவர் தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே நூல்கள் இயற்றினார். இவர்தம் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்க ஆலயங்களில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு வந்தது. குருவைக் காணாத ஊர்களில் இந்நூல்களே குருவாக நின்றன. ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குவது பெருவழக்கு. காட்டுக் கோயில்களில் எண்ணெய் விளக்கின் முன் வாசிக்கப்பட்ட இவ்வுரைநடையையும் அவர்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

1806ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர்மீதான தடைகளை நீக்கிற்று. 1847ஆம் ஆண்டில் அமலமரித் தியாகிகள் சபையினர் வந்தனர். யாழ்ப்பாண ஆயராயிருந்த பொஞ்ஞான் ஆண்டகை 1872ஆம் ஆண்டில் மடுவிற் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திற் கல்வியும் மருத்துவமும் பரப்பினர். இப்பணிகள் நன்மை பயந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாடசாலை மதமாற்றத்தின் வாயிலாகவும் பயன்பட்டமையை மறைத்தலாகாது. அதனை உணர்ந்த ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாதிரிமாரின் முறைகளை அறிந்து, அவற்றைத் தம் சமயத்தின் ஆக்கத்துக்குப் பயன்படுத்தினார். ஒரு விளக்கின் வெளிச்சத்தில் மற்றொரு விளக்குத் தன் திரியைத் தூண்டிக்கொண்டது. இதுவும் ஒளியின் வரலாறே.

அண்மைக்கால வன்னி

வன்னியின் அண்மைக்கால வரலாறு இக்கருத்தினை மேலும் கடுமையான சோதனைக்கு உட்படுத்திற்று. 1977ஆம் ஆண்டு வன்செயலிற் பாதிக்கப்பட்ட மலையகத் தமிழர் பலர் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்தனர். அவர்களைக் காணிகளில் அமர்த்தி வாழ்வளிக்க முயன்றது காந்தீயம் என்னும் இயக்கம். அதனை முன்னின்று நடத்தியோர் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர். கிறிஸ்தவரான டேவிட், தாம் நடத்திய பணிக்குக் கிறிஸ்தவப் பெயர் சூட்டவில்லை. இந்து ஒருவரின் பெயரையே ஏற்றார். இருவரும் 1983ஆம் ஆண்டிற் கைதாயினர். இராஜசுந்தரம் அவ்வாண்டு ஜூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். நெடுங்கேணியைச் சூழ்ந்த எல்லைப்புறம் 1984ஆம் ஆண்டிற் குருதிக்களமாயிற்று. நவம்பர் இறுதியில் கென்ற், டொலர் பண்ணைகளிற் குடியேற்றப்பட்டிருந்த சிங்களவர் கொல்லப்பட்டனர். டிசம்பர் தொடக்கத்தில் ஒதியமலையில் தமிழர் கொல்லப்பட்டனர். மக்கள் ஊர்களைவிட்டு நீங்கினர்.

அதே டிசம்பர் 13ஆந் திகதி முருங்கனில் மெதடிஸ்த குருவாயிருந்த வண. ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது வாகனத்தைச் செலுத்திய முஸ்லிம் அன்பரும் உடன் மாண்டார். 1985ஆம் ஆண்டு ஜனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகள் தமது ஆலய வளவிற் கொல்லப்பட்டார். 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபோது பல்லாயிரவர் மடுவில் தஞ்சம் புகுந்தனர். ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையகத்தின் நிவாரண நிலையம் அங்கு இயங்கிற்று. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இருபது குடும்பங்களுக்குக் காடு அளித்த அடைக்கலத்தை, இப்போது திருப்பதி பிறர்க்கு அளித்தது. ஆனால் புகலிடமும் புனிதமும் போரை நிறுத்தவில்லை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆந் திகதி மடு ஆலய வளவில் எறிகணைகள் வீழ்ந்து, தஞ்சம் புகுந்திருந்தோருள் நாற்பதின்மர் அளவினர் இறந்தனர். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் மாதா சொரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது, ஆகஸ்டில் மீண்டது.

அவ்வாண்டு ஏப்ரல் 20ஆந் திகதி, வன்னியில் மனித உரிமைப் பணியாற்றிய மரியாம்பிள்ளை சேவியர் கருணாரத்தினம் அடிகள் கண்ணிவெடித் தாக்குதலிற் கொல்லப்பட்டார். 2009ஆம் ஆண்டின் இறுதிக் கட்டத்தில் மக்களோடு முள்ளிவாய்க்கால்வரை சென்ற குருமாரும் துறவியரும் பலர். அவர்களுள் சரத்ஜீவன் அடிகள் மே 18ஆந் திகதி களைத்து வீழ்ந்து இறந்தார். அதே நாளிற் சரணடைந்தோருடன் சென்ற பிரான்சிஸ் யோசப் அடிகள் பின்னர் காணப்படவில்லை.

போர் முடிந்த பின்னர் எஞ்சிய பணி, காயத்துக்கு மருந்திடுவதன்று, கணக்குக் கேட்பதாகும். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011ஆம் ஆண்டு ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சான்று பகர்ந்தார். 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் கச்சேரிக் கணக்கின்படி வாழ்ந்தோர் 429,059 பேர். 2009ஆம் ஆண்டு ஜூலை 10ஆந் திகதிவரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் ஐக்கிய நாடுகள் கணக்கின்படி 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என அவர் வினவினார். அவ்வெண்ணிக்கை பற்றி வாதங்கள் எழுந்தன. ஆயின் அவ்வினா ஒரு சமயத்தாரைக் குறித்ததன்று. எண்ணப்படாதோருட் சைவரும் கிறிஸ்தவரும் பிரிக்கப்படவில்லை. 1697ஆம் ஆண்டிற் கண்டிக் காட்டில் நோயாளரின் சமயத்தை வினவாத அதே மரபு, 2011ஆம் ஆண்டில் இறந்தோரின் சமயத்தையும் வினவவில்லை. ஆண்டகை 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் திகதி காலமாகும்வரை அவ்வினா விடையின்றியே நின்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, வன்னியிலும் அதன் சூழலிலும் கிறிஸ்தவம் அதிகாரத்தோடு நின்ற காலங்களில் தொகையாற் பெருகிற்று. அதிகாரமின்றி நின்ற காலங்களிலேயே பிறர்க்கு ஒளியாயிற்று. இரண்டாவது, அவ்வொளி தனியே எரிந்ததன்று. சைவ வன்னியரின் காடும், பௌத்த மன்னனின் அனுமதியும், முஸ்லிம் தோழரின் உயிரும் அதற்கு நெய்யாயின. மூன்றாவது, அது காட்டப்பட்ட ஒளியன்று; கைவிடப்பட்டோர் அருகில் ஒருவர் தங்கியிருந்தமையால் தானே தோன்றிய ஒளி.

யோசேவாஸ் முனிவர் 1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி முத்திப்பேறு பெற்றவராகவும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி புனிதராகவும் கொழும்பிலே அறிவிக்கப்பட்டார். புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ் அன்றே மடுவுக்குச் சென்று, போரினால் உறவுகளை இழந்த தமிழரையும் சிங்களவரையும் ஒருங்கே சந்தித்தார். முனிவரின் பெருமை விழாக்களால் உயர்வதோ அவையின்றிக் குறைவதோ இல்லை. அவர் விட்டுச் சென்ற அளவுகோலே கருதத்தக்கது. ஊரார் அனைவரும் நீங்கும் வேளையில் நீங்காதிருப்பவர் யார் என்பதே அவ்வளவுகோல். அதனைக் கிறிஸ்தவர் தம் திருச்சபைக்கு இட்டுப் பார்க்கலாம். ஏனையோர் தத்தம் சமயத்துக்கு இட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழகங்களிற் கற்போராகிய நாமும், நம் கல்வி நெடுங்கேணி போன்ற ஊர்களுக்கு எவ்வாறு தோன்றுகின்றது என்பதை அதே அளவுகோல் கொண்டு நோக்குதல் தகும். தொலைவில் தெரியும் வெளிச்சமாக மட்டுமே அது நிற்கின்றதா, அன்றி அவ்வூர்களின் இருளிற் கொண்டு வைக்கப்பட்டு எரிகின்றதா என்பது நம்மாலேயே விடையிறுக்கப்பட வேண்டிய வினாவாகும்.